குச்சி ஊனி வேர் புடிக்க வெச்சு தொட்டிக்கு மாத்தறது வரைக்கும்: நம்ம கொங்கு வெயிலுக்கும் காத்துக்கும் ஏத்த முழு வழிகாட்டி

கொங்குப் பக்கம் பொறந்து வளந்தவங்களுக்கு குச்சி ஊனறது ஒண்ணும் புதுசு இல்லைங்க. காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டச் (மேய்ச்ச நெலத்த) சுத்தி நிக்கிற கிளுவ வேலி போத்து, அதாவது தடியான கிளைய, வெட்டி ஊனுனதுதான், கெணத்து மேட்டுல நிக்கிற நாட்டு முருங்கையும் போத்துதான், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்குச்சி, கரும்புக் கரணை எல்லாமே ஒரே வித்தைதான். ஆனா அதே ஆளுங்க வீட்டு வாசல்ல ஒரு செம்பருத்திக் குச்சியோ ரோஜாக் குச்சியோ வெச்சா பத்து நாள்ல கருகிப் போயிருது, உடனே "நமக்குக் கைராசி இல்ல"ன்னு விட்டுர்றாங்க. கைராசியெல்லாம் இதுல கெடையாதுங்க. காரணம் தெளிவா இருக்கு, அத ஒருதடவ புரிஞ்சுக்கிட்டா மிச்ச வேலையெல்லாம் ஏன் செய்யறோம்னு தானா வெளங்கிரும்.

போத்து தடியா இருக்கும், உள்ள மாவுச்சத்தும் ஈரமும் ரொம்ப நாளைக்குத் தாங்கற அளவு இருக்கும், எல இருக்காது. பூச்செடிக் குச்சி பென்சில் தடிமன்தான், அதுல எல வேற இருக்கு. வெட்டுன நிமிஷத்துல இருந்து எல தண்ணிய ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும், கீழ உறிஞ்சறதுக்கு வேர் இல்ல. வருமானம் நின்னுபோன வீட்டுல கையிருப்ப வெச்சு நாள ஓட்டற மாதிரிதான் அந்தக் குச்சி நிக்குது, வரவு ஆரம்பிக்கற வரைக்கும் செலவக் கொறைக்கறதுதான் நம்ம வேலை. நெழல்ல வெக்கறது, மேல மூடி போடறது, எலயப் பாதியா நறுக்கறது, விடியக்காலைல வெட்டறது எல்லாமே இதுக்குத்தான்.

இன்னொரு விஷயம், இதத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்லுவேன். வேர் வந்துருச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. நல்லா வேர் விட்ட குச்சி தொட்டிக்கு மாத்துன ஒரு வாரத்துல சாகறத நெறைய வீட்டுல பாத்திருக்கேன். அதனால இதுல பாதிய வேர் வர்றதுக்கும் மீதிய வேர் வந்ததுக்கு அப்புறம் என்ன பண்றதுங்கறதுக்கும் ஒதுக்கியிருக்கேன், ரெண்டாவது பாதிய விட்றாம படிங்க.

எப்ப வெக்கலாம்

சித்திரை, வைகாசில வேண்டாங்க. கோயமுத்தூர்லயே வெயிலு சுள்ளுன்னு அடிக்கும், ஈரோடு, கரூர்ப் பக்கம் 40 டிகிரியத் தொடும், எவ்வளவு மூடி வெச்சாலும் உள்ள வெந்து போயிரும். ஆடி மாசம் மேகம் போட்டு சில்லுன்னு இருக்குதே அப்ப வெக்கலாமேன்னு தோணும், ஆனா பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்து சாமானியமானது இல்ல, உடுமலை, பல்லடம் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி அவ்வளவு நிக்கறதே அந்தக் காத்துக்காகத்தான். வெயிலு இல்லாட்டியும் அந்தக் காத்து எலய ஒரே நாள்ல சுருட்டிரும். ஆடில வெச்சே ஆகணும்னா மேக்கால சொவரு மறைப்பு இருக்கற எடமாப் பாத்து, மூடி போட்டுத்தான் வெக்கணும். என்னைக் கேட்டா ஆவணி கடைசில ஆரம்பிச்சு ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் நம்ம ஊருக்குத் தோதான காலம், காத்து நின்னுருக்கும், வடகெழக்கு மழை ஈரம் இருக்கும். மார்கழி, தைல பனி இருக்கறதால வேர் கொஞ்சம் மெதுவா வரும், வராமப் போகாது.

எந்தச் செடி வரும், எது வராது

கற்பூரவல்லி, புதினா, கோலியஸ், மணி பிளாண்ட், ரணகள்ளி இதெல்லாம் ஒடிச்சுச் சொருகுனாலே வரும், முதல்தடவ செய்யறவங்க இதுல ஆரம்பிங்க. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, முல்லை, குண்டுமல்லி, மாதுளை, அத்தி, திராட்சை இதெல்லாம் நடுத்தரம், ஒழுங்காப் பண்ணுனா பெரும்பாலும் வந்துரும். ரோஜால நாட்டு ரோஜா, பன்னீர் ரோஜா நல்லா வரும், நர்சரில ஒட்டுக்கட்டி விக்கிற கலர் ரோஜா குச்சில வேர் விட்டாலும் அந்த ஒட்டுச்செடி அளவுக்கு வலுவா வராது. இட்லிப்பூவும் காகிதப்பூவும் பொறுமை கேக்கற செடி.

கறிவேப்பிலைக்குக் குச்சில மல்லுக்கட்டாதீங்க. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் கணக்குல செங்காம்பு கறிவேப்பிலை போட்டிருக்காங்களே, அங்க எல்லாம் வெதை நாத்துதான். பழுத்த பழத்த எடுத்துத் தோல நீக்கி அன்னைக்கே போட்டா நல்லா மொளைக்கும், இல்லைன்னா பெரிய மரத்துச் சுத்தி வேர்ல இருந்து கெளம்பற சின்னக் கன்னுச்செடிய வேரோட எடுத்து வெச்சுக்கலாம். மா, சப்போட்டாவுக்கு ஒட்டுக்கட்டறதுதான் வழி. எலுமிச்சை, கொய்யாவுக்கு விண்பதியம் (கிளைய வெட்டாம மரத்துலயே வேர் விட வெக்கறது) போடறது நல்லது.

தாய்ச்செடியப் பாருங்க மொதல்ல

வெட்டறதுக்கு முன்னாடி செடிய நல்லா சுத்திப் பாருங்க. எலைக்குப் பின்னாடி, கணு இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி ஒட்டியிருந்தா அந்தச் செடி வேண்டாம். 2008ல கோயமுத்தூர்லதான் பப்பாளி மாவுப்பூச்சி மொதல்ல நம்ம நாட்டுல கண்டுபுடிச்சாங்க, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தின்னு எதையும் விடல, 2010ல அசெரோபேகஸ் பப்பாயேன்னு ஒரு ஒட்டுண்ணிக் குளவிய வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து விட்டதுக்கப்புறம்தான் அடங்குச்சு. குச்சி வழியா ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு இந்தப் பூச்சி சுலபமாப் போகும். அதே மாதிரி தேமல் விழுந்த மரவள்ளில இருந்து குச்சி எடுத்தா புதுச்செடியும் தேமலோடதான் வரும்னு நம்ம வெவசாயிங்களுக்குத் தெரியும், அந்த வைரஸ் குச்சிக்குள்ளயே இருக்கும். பூச்செடிக்கும் அதே சட்டம்தான், எல சுருங்கி மஞ்சளும் பச்சையுமாத் திட்டுத்திட்டா இருந்தா ஆசப்பட்டு வெட்டிக்கிட்டு வராதீங்க.

நல்ல செடி கெடச்சுதுன்னா மொத நாள் சாயங்காலமே அதுக்கு வயிறு நெறைய தண்ணி விட்ருங்க. காலைல ஏழு மணிக்குள்ள வெட்டீருங்க, அப்பத்தான் குச்சிக்குள்ள முழு ஈரம் இருக்கும். சொந்தக்காரங்க வீட்டுல இருந்து எடுத்துட்டு பஸ்ல வரணும்னா ஈரமான நியூஸ்பேப்பர்ல சுத்தி கவர்ல போட்டுக் கட்டிக் கொண்டாங்க, தண்ணி பாட்டில்ல சொருகிக் கொண்டாறத விட இது நல்லா இருக்கும்.

வெட்டற பக்குவம்

எல்லா வேலைலயும் கொஞ்சம் நின்னு நிதானமாச் செய்ய வேண்டியது இதுதாங்க.

நுனில இருக்கற வெளிர்பச்சைத் தண்டு ரொம்ப எளசு, அழுகிப் போயிரும். அடில பட்டை வெடிச்சு சாம்பல் கலர்ல இருக்கறது முத்தல், ரொம்ப நாள் எடுக்கும். நடுவுல பச்சையும் பழுப்புமாக் கலந்து இருக்கற எடம்தான் வேணும். விரல்ல வளச்சுப் பாருங்க, ரப்பர் மாதிரி தொவண்டா எளசு, வளையவே மாட்டேன்னு நின்னா முத்தல், வளஞ்சு வந்து வெறைப்பாத் திரும்புனா அதுதான் பக்குவம். பூவும் மொட்டும் இருக்கற கிளை வேண்டாம், வேற வழியில்லைன்னா மொட்டெல்லாம் கிள்ளீட்டு எடுங்க, இல்லைன்னா இருக்கற சத்தப் பூவுக்கே செலவு பண்ணீரும்.

நீளம் 4ல இருந்து 6 இஞ்ச் போதும், கொறஞ்சது மூணு கணு இருக்கணும். கீழ வெட்டு கணுவுக்கு ஒட்டுன மாதிரி, ஒரு அரிசி நீளம் கீழ இருக்கட்டும், கணு கிட்டத்தான் வேர் சீக்கிரமாக் கெளம்பும். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல நீளமா விட்டு வெட்டுனா அந்த வெறும் தண்டு அழுகி, அழுகல் மேல ஏறும். கீழ வெட்ட சாய்வா வெட்டுங்க, மேல வெட்டு நேரா கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேல. இப்படி வெட்டீட்டா எது தலை எது கால்னு கொழப்பமே வராது, தலைகீழா ஊனுனா வேர் வராதுங்க, ஏன்னா வேரத் தூண்டற ஆக்சின்ங்கற ஹார்மோன் துளிர்ல இருந்து கீழ்நோக்கித்தான் போகும். எலயச் சுத்தமா உருவி எறியக் கூடாதுன்னு சொல்றதும் அதுக்குத்தான், மேல ரெண்டு எல இருக்கட்டும், பெரிய எலயா இருந்தா கத்திரில பாதி நறுக்கீருங்க.

கட்டரோ பிளேடோ எதுவா இருந்தாலும் ஷார்ப்பா இருக்கணும், டெட்டால்லயோ சானிடைசர்லயோ தொடச்சுக்கணும். கை கத்திரிக்கோல்ல வெட்டுனா தண்டு நசுங்கும், நசுங்குன எடத்துலதான் பூஞ்சாணம் மொதல்ல உக்காரும். முத்தலான குச்சிக்கு அடில ஒரு பக்கமா ஒரு இஞ்ச் நீளத்துக்கு மேல்தோல மட்டும் லேசாச் சீவி விடுங்க, உள்ள பச்சை தெரிஞ்சாப் போதும், வேர் அந்த ஓரத்துலயே வரிசையா வரும்.

அரளி வெட்டுனா பால் வரும், அது வெசம், கை நல்லாக் கழுவிக்கோங்க, கொழந்தைங்க கிட்ட இருக்க வேண்டாம். பால் நிக்கற வரைக்கும் குச்சியத் தண்ணில போட்டு வெச்சுட்டு அப்புறம் ஊனுங்க. கள்ளி, டிராகன் ஃப்ரூட் வகையறாவுக்கு மட்டும் எல்லாமே தலைகீழ், வெட்டுன வாய் காயற வரைக்கும் நெழல்ல அஞ்சாறு நாள் சும்மா வெச்சுட்டுத்தான் ஊனணும், மூடியும் வேண்டாம், தண்ணியும் ரொம்பக் கம்மி.

ஹார்மோன் பவுடர் வேணுமா

சுலபமான செடிக்குத் தேவையே இல்ல. செம்பருத்தி, மல்லிக்கு இருந்தா நல்லது, காகிதப்பூ, இட்லிப்பூவுக்குக் கட்டாயம் வேணுங்க. கடைல கெராடிக்ஸ்னு விக்கிற பவுடர் மாதிரி எதுலயும் இருக்கறது பெரும்பாலும் ஐபிஏங்கற வேர் ஹார்மோன்தான். எளந்தண்டுக்கு 500ல இருந்து 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற அளவு), நடுப்பக்குவத்துக்கு 1000ல இருந்து 3000, முத்தலுக்கு அதுக்கு மேல. பாக்கெட்ல எந்தத் தண்டுக்குன்னு போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. டப்பாக்குள்ள குச்சிய நேரா முக்காதீங்க, கொஞ்சமாத் தனியாக் கொட்டி, அடி அரை இஞ்ச மட்டும் தொட்டு, தட்டி உதறீருங்க. நெறையப் போட்டா நெறைய வேர்னு கெடையாது, அதிகமானா அடி கருத்துப் போயிரும், துளிரும் வராது.

பொள்ளாச்சிப் பக்கம் எளநில முக்கி வெச்சா வேர் வரும்னு சொல்லுவாங்க. எளநில பேர்போன சத்து சைட்டோகைனின், அது துளிரத் தூண்டற வகை, வேருக்கு அது எதிர்ப்பாக் கூட வேலை செய்யும், போதாததுக்கு அதுல இருக்கற சக்கரை எறும்பையும் பூஞ்சாணத்தையும் கூப்புடும். நான் அத சிபாரிசு பண்ண மாட்டேன். அதுக்குப் பதிலா வேளாண்மைப் பல்கலைக்கழகத்துலயோ உரக்கடைலயோ கெடைக்கற சூடோமோனாஸ் (பூஞ்சாணத்த அடக்கற நல்ல பாக்டீரியா) பவுடர ஒரு லிட்டருக்கு 10 கிராம் கலக்கி அடிய அரைமணி நேரம் நனச்சு எடுத்து, ஈரம் வடிஞ்சதும் ஐபிஏ தொட்டு ஊனுங்க, அழுகல் நல்லாக் கொறையும்.

எதுல ஊனறது

சத்யமங்கலம் மல்லித் தோட்டத்துக்கு நாத்து எங்கிருந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல தங்கச்சிமடம்னு சொல்லுவாங்க. அங்க மணல்ல குச்சி ஊனி வேர் புடிக்க வெச்சு தமிழ்நாடு பூரா அனுப்பறாங்க. மணல்ல சத்து ஒண்ணும் இல்ல, ஆனா தண்ணி வடியும், காத்து போகும். வேர் வர்றதுக்கு ஈரமும் காத்தும் போதும், உரம் வேண்டவே வேண்டாம். தொழு உரம், மண்புழு உரம், புண்ணாக்கு எதையும் இந்தக் கட்டத்துல போடாதீங்க, வெட்டுவாய்ல அழுகலத்தான் கூட்டும்.

கரிசக்காட்டு மண்ண மட்டும் தொடாதீங்க. ஈரமானா களியாகும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், ரெண்டுலயும் வேர் செத்துரும். ஆத்துமணல் இப்ப கெடைக்கறது கஷ்டம், எம் சாண்ட் எடுத்தீங்கன்னா அதுல இருக்கற மாவு போற வரைக்கும் பக்கெட்ல போட்டு அலசுங்க, அப்படியே போட்டா தண்ணி ஊத்த ஊத்த சிமென்ட் மாதிரி எறுகிரும்.

நமக்குக் கைக்கெட்டுன தூரத்துல பொள்ளாச்சி கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) இருக்கே, அதுதான் வசதி. ஆனா நேரா உபயோகிக்காதீங்க. தேங்கா மட்டைலயே பொட்டாசியம், சோடியம் உப்பு இருக்கும், கழுவாத பீட்ல குச்சி வெச்சா எல ஓரம் கருகும், வேர் நுனி பழுத்து நின்னுரும். வாங்கறப்பவே லோ ஈசி (ஈசிங்கறது உப்போட அளவு) இருக்கான்னு கேளுங்க, 0.5க்குக் கீழன்னா நல்ல சரக்கு. இல்லைன்னா நாமளே கழுவணும். 650 கிராம் கட்டி ஒண்ண பக்கெட்ல போட்டு மூணு நாலு லிட்டர் தண்ணி விட்டா ஊதி எட்டு லிட்டர் அளவு வரும், அதப் பழைய வேட்டித் துணில கொட்டிப் புழிஞ்சு, திரும்பத் தண்ணி விட்டு, திரும்பப் புழியுங்க. மொதல் தண்ணி கட்டங்காப்பி கலர்ல வரும், வெளுத்து வர்ற வரைக்கும் விடாதீங்க, மூணு தடவையாவது வேணும். கடைசி அலசல் நல்ல தண்ணில இருக்கட்டும், உப்புத்தண்ணில கழுவுனா கழுவுனதுக்கே அர்த்தமில்ல.

நான் போடறது கழுவுன கோகோபீட் ஒரு பங்கு, அலசுன மணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைப் பொரிகல்லு) ஒரு பங்கு. அரிசி மில்லுல உமிக்கரி கெடச்சா அதுல கொஞ்சம். கலந்து ஒரு கைப்புடி எடுத்து இறுக்கிப் புழிஞ்சா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வரணும். ஒழுகுனா ஈரம் அதிகம், கொஞ்ச நேரம் பரத்தி வைங்க.

ஊனறதும் மூடறதும்

பாத்திரத்துக்கு நான் சொல்றது டிரான்ஸ்பரன்ட் டிஸ்போசபிள் டம்ளர், அடில நாலஞ்சு ஓட்டை போட்டு, அத ஒரு கலர் டம்ளருக்குள்ள எறக்கி வெச்சுக்கோங்க. வெளி டம்ளர்லயும் ஓட்டை இருக்கணும், இல்லைன்னா அடில தண்ணி நிக்கும். வேருக்கு இருட்டு கெடைக்கும், வேர் வந்துச்சான்னு பாக்கணும்னா உள் டம்ளர உருவிப் பாத்துக்கலாம், குச்சியப் புடுங்கிப் பாக்கற வேலையே இல்ல.

குச்சிய நேரா அமுக்கிச் சொருகாதீங்க, ஹார்மோன் பூரா மேலயே வழிஞ்சுரும். ஒரு பென்சில்ல குழி போட்டு, ரெண்டு கணு உள்ள போற மாதிரி எறக்கி, சுத்தியும் விரல்ல அமுக்கி விடுங்க, அடில காத்து எடைவெளி இருந்தா அந்த எடத்துல வேர் வராது. ஒரே ஒருதடவ மெதுவாத் தண்ணி விட்டு வடிய விடுங்க.

அப்புறம் மூடி. ரெண்டு லிட்டர் பாட்டில் அடிய வெட்டிக் கவுத்தலாம், இல்ல டம்ளரப் பெரிய கவருக்குள்ள வெச்சு, கவரத் தாங்கறதுக்கு நாலு காஞ்ச குச்சி நட்டுக் கட்டலாம், எல கவர்ல ஒட்டாமப் பாத்துக்கோங்க, ஒட்டுன எடம் அழுகும். வெக்கற எடம் வெளிச்சமா இருக்கணும், நேர் வெயிலு ஒரு மணிக்கூறு கூடப் படக் கூடாது, மூடுன பாட்டில்ல வெயிலு பட்டா உள்ள வெந்துரும். மாமரத்து அடி, வடக்குப் பாத்த சொவரு ஓரம், 50 சதவீத ஷேடு நெட்டுக்குக் கீழ, இதுல எது இருந்தாலும் சரி. ஒரு நாளைக்கு ஒருதடவ மூடியத் தொறந்து சித்தெ காத்து விட்டு மூடுங்க. மூடிக்கு உள்பக்கம் பனி மாதிரி படிஞ்சிருந்தா ஈரம் சரியா இருக்கு, தண்ணி விட வேண்டாம். இந்தக் கட்டத்துல தண்ணி இல்லாமச் சாகறத விட தினமும் ஊத்தி அழுகிச் சாகறதுதான் அதிகம்.

தண்ணியப் பத்தி ஒண்ணு சொல்லணும். சிறுவாணி, பில்லூர் அணைத் தண்ணி கொழாய்ல வர்ற வீடுன்னா கவலையே இல்ல. ஆயிரம் அடி போர்த் தண்ணிதான்னா உப்பு இருக்கும், எலமேல ஸ்பிரே பண்ணுனா வெள்ளையாப் படியும். மழைத்தண்ணி புடிச்சு வெச்சுக்கிட்டா அத விட நல்லது எதுவும் இல்ல, ஏசில இருந்து சொட்டற தண்ணியக் கூட ஸ்பிரேக்கு எடுத்துக்கலாம். ஆர்ஓ மெஷின்ல வெளிய போற கழிவுத்தண்ணில மட்டும் உப்பு எல்லாம் சேந்திருக்கும், அத இதுக்கு ஊத்தாதீங்க.

துளிர நம்பாதீங்க

பத்து பன்னெண்டு நாள்ல மேல பச்சையா ஒரு துளிர் எட்டிப் பாக்கும். வந்துருச்சுன்னு சந்தோஷத்துல எடுத்து தொட்டில வெச்சு வெயில்ல வெப்பாங்க, மூணாம் நாள் தொவண்டு போயிரும். அது பொய்த்துளிர்ங்க, தண்டுக்குள்ள இருந்த கையிருப்புல வந்தது, கீழ வேர் ஒண்ணு கூட இருக்காது. ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ மூணும் இத அடிக்கடி பண்ணும்.

உள்ள நடக்கறது வேற வரிசை. மொதல்ல வெட்டுவாய்ல வெள்ளையா, கொஞ்சம் மஞ்சளா, சொரசொரன்னு ஒரு தடிப்பு கட்டும், காயம் ஆறுனதுக்கு அடையாளம் அது, வேர் இல்ல. அப்புறம் அதுக்குப் பக்கத்துல, கணு ஓரத்துல வெள்ளைப் புள்ளி மாதிரி மொனை தெரியும். அது நீண்டு டம்ளர் ஓரத்தத் தொடும், கண்ணாடி மாதிரி வெள்ளையா, நுனி வழவழன்னு இருக்கும். அதுல இருந்து பக்கவேர் கெளச்சு, மேல வந்த துளிர்ல ரெண்டு எல முழுசா விரிஞ்சதுக்கு அப்புறம்தான் மாத்தற பேச்சே.

புதினா, கோலியஸுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். செம்பருத்தி, ரோஜாவுக்கு நாலுல இருந்து ஆறு வாரம். மல்லி, முல்லைக்கு ஒண்ணு ஒண்ணரை மாசம், சிலசமயம் ரெண்டு. இட்லிப்பூ, காகிதப்பூ ரெண்டு மாசம், அதுக்கு மேலயும் போகும். குச்சி பச்சையா நின்னா உசுரு இருக்கு, நகத்துல லேசாக் கீறிப் பாத்தா பச்சை தெரியணும், பழுப்பாத் தெரிஞ்சா போயிருச்சு, எடுத்துருங்க, பக்கத்துக் குச்சிக்கும் தொத்த விடாதீங்க.

தண்ணில வேர் விட வெக்கறவங்க பாட்டில இருட்டாக்கி, மூணு நாலு நாளைக்கு ஒருதடவ தண்ணி மாத்துங்க, வேர் ஒரு இஞ்ச் வந்ததும் மண்ணுக்கு எடுத்துருங்க. அரை அடி நீளம் தொங்க விட்டு அழகு பாத்தா அந்த வேர் மண்ணுல பழக மாட்டேங்கும்.

மூடியக் கழட்டறதுலயே பாதி ஜெயம்

மூடிக்குள்ளயே வளந்த எல மெல்லிசா இருக்கும், வெளிக்காத்த அது பாத்ததே இல்ல. அதனால தொட்டிக்கு மாத்தறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பழக்கணும். மொத ரெண்டு நாள் பாட்டில் வாய்ல இருக்கற திருகுமூடிய மட்டும் தொறந்து விடுங்க, அப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டிலயே எடுத்து வைங்க, அடுத்த நாள் ரெண்டு மணி நேரம், அப்புறம் ராத்திரி பூரா, கடைசியா பகல்லயும். எல வாடுனா ஒரு படி பின்னால போங்க. மூடியயும் கழட்டி அன்னைக்கே தொட்டியும் மாத்தறது ஒரே நாள்ல ரெண்டு அடி, தாங்காது.

தொட்டிக்கு மாத்தறது

நேரா பெரிய தொட்டில வெக்காதீங்க. சின்ன வேரச் சுத்தி அவ்வளவு மண்ணு இருந்தா அந்த ஈரத்த அதால குடிக்க முடியாது, மண்ணு நாள்கணக்குல சதசதன்னு நின்னு வேர் அழுகும். மொதல்ல 4 இஞ்ச் தொட்டியோ நர்சரி கவரோ, அது வேர் நெறஞ்சதும் 6 அல்லது 8 இஞ்ச், அப்புறம்தான் 12 இஞ்ச்.

மண் கலவை செம்மண் ரெண்டு பங்கு, கழுவுன கோகோபீட் ஒண்ணு, நல்லா மக்குன மண்புழு உரம் ஒண்ணு, ஒரு பக்கெட் கலவைக்கு ரெண்டு கைப்புடி வேப்பம்புண்ணாக்கு. செம்மண்ணுல களி அதிகம்னா கொஞ்சம் மணல் சேருங்க. மக்காத சாணி வேண்டவே வேண்டாம், சூடு புடிக்கும், வெள்ளைப்புழு வந்து வேரக் கடிக்கும். வேர் அழுகலத் தடுக்கற ட்ரைக்கோடெர்மா விரிடி பவுடர் சேக்கறதுன்னா கலவைய ஈரமாக்கி நெழல்ல ஒரு வாரம் ஊற வெச்சுட்டு உபயோகிங்க, அந்தச் சமயத்துல சாஃப் மாதிரி பூஞ்சாணக்கொல்லி ஊத்தாதீங்க, ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தான், அதையும் கொன்னுரும்.

மாத்தறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. டம்ளர்ல இருக்கற கலவை ஈரமா இருக்கட்டும், காஞ்சிருந்தா உதிரும், வேரும் கூடவே அறுந்துரும். புதுத் தொட்டில பாதி மண்ணு போட்டு நடுவுல எடம் விட்டுக்கோங்க. டம்ளர ரெண்டு பக்கமும் லேசா அமுக்கி, குச்சிய ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு, உள்ளங்கைல கவுத்துங்க, கட்டியோட அப்படியே வரும். வரலைன்னா இழுக்காதீங்க, டம்ளரக் கத்திரில கிழிச்சுருங்க, அது போனாப் போகுது. கட்டிய உதிர்க்காம, வேரக் கழுவாம, டம்ளர்ல எந்த ஆழத்துல இருந்துச்சோ அதே ஆழத்துல வெச்சு சுத்தியும் மண்ணு போட்டு மெதுவா அமுக்குங்க. காகிதப்பூ வேர் நூல் மாதிரி, தொட்டாலே அறும், அதுக்கு மட்டும் டம்ளர எப்பவுமே கிழிச்சுத்தான் எடுக்கணும்.

அடி ஓட்டைல தண்ணி ஒழுகற வரைக்கும் ஒருதடவ விடுங்க. அப்புறம் மேல்மண்ணு ஒரு விரல்கணு ஆழத்துக்குக் காஞ்சாத்தான் அடுத்த தண்ணி. ஒரு வாரம் பத்து நாள் பழைய நெழல்லயே இருக்கட்டும், அதுக்கப்புறம் காலை வெயிலு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு கூட்டிக்கிட்டே போங்க. மத்தியான வெயிலுக்கு மூணு நாலு வாரம் ஆகட்டும்.

உரம் மொத மூணு வாரத்துக்கு வேண்டாம். புதுத்துளிர் வந்து எல முத்துனதும் பஞ்சகவ்யா குடுக்கலாம். இத வெவசாயிங்க மத்தில பரப்புனவரு நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன், வழக்கமா 3 சதவீதம் தெளிக்கச் சொல்லுவாங்க, இந்தச் சின்னச் செடிக்கு ஒரு லிட்டருக்கு 10 மில்லி போதும், பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ. மொத மொட்டு வந்தா மனசக் கல்லாக்கிக்கிட்டு கிள்ளீருங்க, நுனியையும் ஒருதடவ கிள்ளி விட்டா பக்கத்துல கெளை வெடிக்கும்.

ஏதாவது கோளாறு தெரிஞ்சா

மண்ணு ஈரமா இருக்கு, ஆனா எல வாடுது: வேர் அழுகுது, தண்ணிய நிறுத்தி நல்ல நெழல்ல வைங்க, திரும்ப ஊத்தாதீங்க. கீழ் எல மட்டும் மஞ்சளாகி உதிருது, மேல துளிர் நல்லா இருக்கு: கவலப்பட வேண்டாம், பழைய எல போகத்தான் செய்யும். எல ஓரம் கருகுது: தண்ணிலயோ பீட்லயோ உப்பு. குச்சி மண்மட்டத்துல கருத்து மெலிஞ்சு போகுது: பூஞ்சாணம், அத எடுத்து எறிஞ்சுட்டு மத்ததுக்கு சாஃப் ஒரு லிட்டருக்கு 2 கிராம் கலக்கி ஊத்துங்க, ட்ரைக்கோடெர்மா போடறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. கலவைக்கு மேல சின்னக் கருப்பு ஈ பறக்குது: ஈரம் அதிகம், மேல ஒரு விரல்கடை காஞ்ச மணல் பரத்துனா கொறஞ்சுரும்.

முருங்கப் போத்துக்கு மட்டும் தனியா

இதுல மூடியும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம். மணிக்கட்டு தடிமன்ல, மூணு நாலு அடி நீளத்துல நல்லா காய்ச்ச மரத்துல இருந்து வெட்டுங்க, காய்ப்பு முடிஞ்சதும் வெட்டறது நல்லது. வெட்டுவாய் வாடற வரைக்கும் ரெண்டு மூணு நாள் நெழல்ல சாத்தி வைங்க. ஒரு அடிக்கு மேல ஆழம் போற மாதிரி குழி எடுத்து, அடில மணலும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போட்டு, லேசாச் சாய்ச்சு ஊனி மிதிச்சு விடுங்க, புண்ணாக்கு போட்டா கறையான் அவ்வளவா அண்டாது. மேல் வெட்டுல பசுஞ்சாணிய உருண்டை புடிச்சு அப்பி விடுங்க, வெயிலுல காயாது, மழைத்தண்ணியும் உள்ள எறங்காது. வாரம் ஒருதடவ தண்ணி போதும். ஊனுன போத்த ஆட்டிப் பாக்கறதோ மாட்டக் கட்டறதோ கூடாது, வெளிய துளிர் தெரிஞ்சாலும் அடிவேர் எறங்க ரெண்டு மாசமாவது ஆகும். காத்தடிக்கற காடா இருந்தா மேக்கால ஒரு முட்டுக் குச்சி நட்டு சணல் கயித்துல தளர்வாக் கட்டி விட்ருங்க, அடுத்த ஆடிக்காத்து முடியற வரைக்கும் அத அவுக்காதீங்க.